ஆறு ஜெயித்தால் இன்னோர் ஆட்டம்

போன செப்டம்பர் முதல் நவம்பர் முடியும்வரை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே எண்தான்: ஆறு. பன்னிரண்டு ஆட்டங்களில் ஆறு ஜெயித்தால் என் பேத்தியின் கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு டிசம்பரில் பதின்மூன்றாவதாக ஓர் ஆட்டம் கிடைக்கும். அதற்கு பௌல் கேம் என்று பெயர். ஐந்தோடு நின்றுவிட்டால் நவம்பரிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

பேத்தி பந்து விளையாடுகிறவள் அல்ல. கல்லூரி பேண்டில் டிரம் அடிக்கிறவள். பௌல் கேமுக்கு அணி போனால் பேண்டையும் கூட அழைத்துப் போவார்கள். அவள் சேர்ந்த முதல் மூன்று வருடங்களில் அணி ஜெயித்தது முறையே நான்கு, ஐந்து, மூன்று. இது அவளுக்குக் கடைசி வருடம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நானும் முதலில் நினைத்தேன். அவள்தான் ஒருமுறை டெக்சஸ் மாநிலம் காப்பெல்லில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் விரலால் தட்டிக் காட்டினாள். அவர்கள் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஐந்து அளவில் டிரம். தாளம் ஒன்றுதான், ஆனால் அதைத் துண்டுதுண்டாக வெட்டி ஆளுக்கு ஓர் அடி கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆள் ஒரு தட்டு, அடுத்தவன் ஒரு தட்டு, மூன்றாவது இவள். ஐந்து பேரும் சேர்ந்தால்தான் அது தாளம். தனியாக இவள் அடித்தால் யாரோ கதவைத் தட்டுவது போலத்தான் இருக்கும். ஐந்து பேருமே கடைசி வருடம். மே மாதம் பட்டம் வாங்கி ஐந்து ஊருக்குப் போய்விடுவார்கள்.

“அப்புறம் ஐ கேன்ட் ப்ளே திஸ் எவர் அகெயின், தாத்தா,” என்றாள். “ஒன் மோர் கேம். அவ்ளோதான் வேணும்.”

அன்று முதல் நானும் அந்த அணியின் ரசிகன் ஆனேன். அவர்கள் சட்டை மஞ்சளும் கறுப்பும். “ஆட்டோ கலர் மாமா” என்று சொல்லி மாப்பிள்ளை எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். ரயில்வேயில் நேர அட்டவணைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இந்த விளையாட்டு எனக்குத் தடியர்கள் மோதிக்கொள்வதாகத்தான் தெரிந்தது. கணக்கு புரிந்த பிறகு விட முடியவில்லை. பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. பத்தைத் தாண்டினால் மறுபடி நான்கு. எதிரணியின் கடைசிக் கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளி, அதற்கு மேல் உதைத்தால் ஒன்று, உதைக்காமல் இன்னொரு முறை உள்ளே கொண்டுபோனால் இரண்டு. கோட்டைக் கடக்க முடியாமல் தூரத்திலிருந்தே கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று. எல்லாவற்றுக்கும் மேலே கடிகாரம். பந்து ஓடும்போதும் அது ஓடும், சில சமயம் பந்து நிற்கும்போதும் ஓடும். கிரிக்கெட்டில் இல்லாத சுகம் இது. அவர்கள் எப்போது நிற்க வேண்டும், எப்போது ஓட வேண்டும் என்று நான் சோபாவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். மகள் எழுந்து மாடிக்குப் போய்விடுவாள்.

முதல் இரண்டும் ஜெயித்தோம். நான் உடனே மீதி நான்கு எங்கெங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டு வைத்தேன். அடுத்த மூன்றும் தோற்றோம். டெக்சஸ் வெயிலில் கெட்டி யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பதினைந்து கிலோ டிரம்மைத் தோளில் மாட்டி நிற்கும் பிள்ளைகளை டிவியில் தேடிக்கொண்டே இருப்பேன். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் பேத்தி போன் பண்ணுவாள். “இட்ஸ் ஓகே தாத்தா, ஸ்டில் பாஸிபிள்” என்பாள். குரலைக் கேட்டாலே தெரியும், அவளும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

ஆறாவது ஆட்டம் நவராத்திரி சனிக்கிழமையில் வந்தது. இங்கே கொலுவுக்குப் போவதும் சனிக்கிழமைதான், கல்லூரி ஃபுட்பால் ஆடுவதும் சனிக்கிழமைதான். கொலுப்படி ஏழும் ஹாலில் டிவி இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. டிவியை மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜை ஓரத்துக்கு நகர்த்தி, சத்தத்தை அணைத்து வைத்தார். ஹாலில் பாட்டு, சுண்டல். இங்கே நாங்கள் இருவரும் இருபதுக்கு மூன்று என்று பதினேழு புள்ளி பின்தங்கி உட்கார்ந்திருந்தோம்.

அப்போது இரண்டு தெரு தள்ளி மகனோடு வசிக்கும் கோயம்புத்தூர் அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். ஹாலில் இடம் இல்லாததால், மேஜை பக்கம் வந்து பழுப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். சுண்டலை ஒரு வாய் போட்டார். நம் பையன் ஒருவன் முப்பது கெஜம் ஓடிக் கோட்டைத் தாண்டினான். சுண்டல் முடிவதற்குள் இன்னொன்று. இருபதுக்குப் பதினேழு.

மகள் வெற்றிலை பாக்கு கொடுத்தாள். அந்த அம்மா வாங்கிக்கொண்டு எழுந்தார். எழுந்த அதே விநாடி நம் ஆள் பந்தைக் கீழே விட்டான். எதிரணிக்காரன் அதன்மேல் விழுந்தான்.

மாப்பிள்ளை துள்ளி எழுந்தார். “ஆன்ட்டி, ப்ளீஸ், ஒரு பத்து நிமிஷம் உக்காருங்க. அதே சேர்ல.”

மகளுக்கு அவமானமாகிவிட்டது. “என்னங்க இது. அவங்களுக்கு இன்னும் அஞ்சு வீடு போகணும்.”

அந்த அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. டிவியைப் பார்த்தார், எங்கள் முகத்தைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். “இந்தியா ஆடறப்ப எங்கூட்லயும் இப்படித்தானுங்க. எங்க வீட்டுக்காரர் ஒருக்கா கதவோரமா நின்னாரு, சிக்ஸர் போச்சு. மேட்ச் முடியற வரைக்கும் அப்படியே நிக்க வெச்சுப்போட்டாங்க பசங்க. கால் வீங்கிருச்சு.”

கையில் தாம்பூலப் பையோடு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஹாலில் யாரோ அவரைப் பாடச் சொன்னார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே பாடினார். எதிரணி உதைத்த பந்து கம்பத்துக்கு வெளியே போனது. நம் ஆட்கள் எழுபது கெஜம் வந்து, இருபத்துநான்குக்கு இருபதாக ஜெயித்தார்கள். பேத்தி போனில் கத்தியது கொலுவில் இருந்த அம்பாள் வரை கேட்டது.

நான் படித்தவன். ஒரு நாற்காலிக்கும் நூற்றைம்பது மைல் தள்ளி ஓடுகிற பையனுக்கும் சம்பந்தம் இல்லை என்று தெரியும். ஆனால் நடந்ததை எண்ணாமல் இருக்க முடியாது. அடுத்த வாரம் அவர் ஆலன் என்ற பக்கத்து ஊரில் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், தோற்றோம். அதற்கடுத்த வாரம் மாப்பிள்ளையே காரில் போய் அழைத்து வந்து உட்கார வைத்தார், ஜெயித்தோம். பிறகு அவர் சான்டா கிளாராவில் இளைய மகனிடம் இரண்டு வாரம் போனார். போனில் கூப்பிட்டு, அங்கே ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார். இரண்டும் தோல்வி.

“கலிபோர்னியால உக்காந்தா செல்லாது மாமா. டைம் ஸோன் வேற,” என்றார் மாப்பிள்ளை. அவர் ஒரு கம்பெனியில் டேட்டா பகுப்பாய்வு செய்கிறவர்.

திரும்பி வந்தார். உட்கார்ந்தார். ஜெயித்தோம். கணக்கு ஐந்து வெற்றி, ஆறு தோல்வி. கடைசி ஆட்டம் பாக்கி. அந்த ஆட்டத்துக்கு நேரில் போவதாக முன்பே முடிவு செய்திருந்தோம். மூன்று முறை நடந்தது ஆதாரம் ஆகாது என்று நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். சொல்லிவிட்டு நானே அந்த அம்மாவுக்கும் சேர்த்து டிக்கெட் போடச் சொன்னேன்.

தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை. இரண்டரை மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனோம். ஸ்டேடியத்தில் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான் அனுமதி. மகளின் பையில் என் பிரஷர் மாத்திரையும் மூட்டுவலித் தைலமும் ஊருக்கே தெரிந்தன. எங்கள் வரிசையைக் கண்டுபிடித்து, அந்த அம்மாவை நடுவில் உட்கார வைத்தோம். ஆட்டம் தொடங்கியது. முன்னால் இருந்த ஐம்பது வரிசையும் எழுந்து நின்றது.

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கல்லூரி மைதானத்தில் யாரும் உட்காருவதில்லை. நிற்கிறார்கள், குதிக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவனைக் கட்டிக்கொள்கிறார்கள். ஜெயிக்க வேண்டுமானால் அவர் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் முதுகுகளைத் தவிர எதுவும் தெரியாது.

“நீங்க வேணா எழுந்து பாருங்க ஆன்ட்டி,” என்றாள் மகள்.

“வேண்டாம் கண்ணு. வந்ததே உக்காரத்தான்.” முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “ஐயா, நீங்க மட்டும் என்ன நடக்குதுன்னு சொல்லிப்போடுங்க.”

மூன்று மணி நேரம் நான் வர்ணனை செய்தேன். தொண்டை கட்டிவிட்டது. இடதுபுறம் கீழே பேண்டு உட்கார்ந்திருந்தது. ஐந்து டிரம்மில் நடுவில் இருந்தவள் என் பேத்தி. நாம் புள்ளி எடுக்கும்போதெல்லாம் அந்தத் தாளம் ஐந்து துண்டுகளாக உருண்டு மேலே வரும். நெஞ்சுக்கூட்டுக்குள் அடிப்பது போல இருக்கும்.

இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நேரம். இருபத்தொன்றுக்கு இருபது. ஒரு புள்ளி நாம் முன்னால். பந்து நம்மிடம், மைதானத்தின் நடுவில், நான்கு கெஜம் தேவை. எதிரணி கடிகாரத்தை நிறுத்தும் உரிமைகளை எல்லாம் செலவழித்துவிட்டது. நான் கணக்குப் போட்டேன். நான்கு கெஜம் கிடைத்தால் நமக்குப் புதிதாக நான்கு வாய்ப்பு. ஒவ்வொன்றுக்கும் நடுவே நாற்பது விநாடி வரை சும்மா நிற்கலாம். அதாவது ஐந்து கெஜம் ஓடி, மைதானத்துக்குள்ளேயே கீழே விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எதிரணி பந்தைத் தொடவே முடியாது. புள்ளி எடுத்தால்தான் ஆபத்து. பந்து அவர்கள் கைக்குப் போகும்.

பந்து கைமாறியது. நம் பையன் ஐந்தாவது கெஜத்தைத் தாண்டினான். பத்தைத் தாண்டினான். முன்னால் ஒருவரும் இல்லை.

“உக்காரு!” என்று கத்தினேன். “டேய், உக்காருடா!”

கீழேயிருந்து குரல் வந்தது. “உக்காந்துதானுங்க இருக்கேன்.”

“உங்களை இல்லம்மா, அவனை.”

அவன் உட்காரவில்லை. ஐம்பது கெஜமும் ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டான். ஸ்டேடியமே தலைகீழானது. முன்பின் தெரியாத ஒரு தாடிக்காரர் என்னைத் தூக்கிவிட்டார். மாப்பிள்ளை அழுதுகொண்டிருந்தார். தரையில் கால் பட்டதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம் முப்பத்தைந்து விநாடி. உதைத்து வந்த ஒன்றும் சேர்ந்து எட்டு புள்ளி முன்னால். ஆறும் இரண்டும் எட்டு. அவர்களால் சமன் செய்ய முடியும்.

“ஏன் மாமா இப்படி இருக்கீங்க, ஜெயிச்சாச்சு,” என்றார் மாப்பிள்ளை.

“ஒண்ணு முப்பத்தஞ்சு இருக்கு மாப்ள.”

அவரும் கடிகாரத்தைப் பார்த்தார். எதிரணி பதினெட்டு கெஜம் எறிந்தது. பிறகு இருபத்திரண்டு. ஓரக் கோட்டுக்கு வெளியே ஓடிக் கடிகாரத்தை நிறுத்தினார்கள். பேண்டு பக்கம் பார்த்தேன். டிரம் ஐந்தும் தரையில் இருந்தன. ஐந்து பேரும் கை கோத்து நின்றார்கள். என் பேத்தி மைதானத்தைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வளர்ப்பு.

ஒன்பது விநாடி மிச்சமிருக்கும்போது அவர்கள் கோட்டைத் தாண்டினார்கள். இருபத்தெட்டுக்கு இருபத்தாறு. இப்போது அந்த இரண்டு. மூன்று கெஜ தூரம், ஒரே ஒரு முயற்சி.

“என்னாச்சுங்க? ஏன் எல்லாரும் கம்முனு இருக்கறாங்க?” என்றார் அந்த அம்மா.

அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவரை அழுத்தி உட்கார வைப்பதற்கா, நான் விழாமல் இருப்பதற்கா என்று இன்றும் தெரியவில்லை. பந்து எறியப்பட்டதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

ஒரு பெரும் சத்தம் வந்தது. சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர்கள் ஆட்களும் எட்டாயிரம் பேர் வந்திருந்தார்கள். அப்புறம் இடதுபுறத்திலிருந்து முதல் டிரம் ஒரு தட்டு தட்டியது. இரண்டாவது. மூன்றாவது. கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

மிச்ச ஒன்பது விநாடியும் ஓடிக் கூட்டம் கலைந்த பிறகு பேத்தி தொப்பியையும் யூனிஃபார்ம் மேல்கோட்டையும் கழற்றிக்கொண்டு படியேறி வந்தாள். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். அந்த அம்மாவைக் கட்டிக்கொண்டாள், பிறகு என்னை.

“தாத்தா, வி காட் இட். ஒன் மோர்.”

“அவன் உக்காந்திருக்கணும்,” என்றேன். “உக்காந்திருந்தா இவ்வளவு அவஸ்தை இல்ல.”

“ஐ நோ. நானும் அதேதான் கத்தினேன்.”

எந்த ஊரில் ஆட்டம் என்று கேட்டேன். அடுத்த வாரம்தான் அறிவிப்பார்களாம். எந்த ஊராக இருந்தாலும் குளிருமே, விமானத்தில் டிரம்மை எப்படி ஏற்றுவார்கள், பரீட்சை எப்போது வருகிறது என்று அடுக்கினேன். அவள் சிரித்தாள். கீழேயிருந்து மற்ற நால்வரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். காலி ஸ்டேடியத்தில் இன்னொரு முறை அடிக்க வேண்டுமாம். டிரம் வார் அழுத்திய இடத்தில் தோள்பட்டை சிவந்து கன்றியிருந்தது. மகள் பையைத் துழாவித் தைலத்தை எடுத்துக் கொடுத்தாள்.

“தெனமும் ராத்திரி தடவிக்கோம்மா,” என்றேன். “இன்னொரு மேட்ச் இருக்கு.”