குரு பெயரும் வரை

வால்நட்சத்திரம் தெரிகிற நாட்களில் பிறக்கும் குழந்தை தகப்பன் வழியில் ஓர் உயிரைக் கேட்கும் என்று எங்கள் வீட்டில் நம்பினார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், திருவள்ளூரில் விடியலுக்கு முன் கிழக்கே அது நீண்ட வாலோடு நின்றிருந்தபோது, கவரைப்பேட்டையில் பிறந்தகத்தில் இருந்த மன்னிக்கு, அண்ணாவின் மனைவிக்கு, பெண் பிறந்தது. அண்ணா அப்பாவுக்கு ஒரே மகன்; நான் அவன் தங்கை. கோயில் கைங்கரியம் அவனைக்கொண்டுதான் தொடர வேண்டும். குழந்தையைப் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து எவரும் போகவில்லை.

ஐந்தாம் மாதம், யாரும் அழைக்காமலே, பெரியபாளையம் வழியாக வரும் பஸ்ஸில் மன்னி குழந்தையோடு வந்து இறங்கினாள். அம்மா வாசலில் வைத்தே மோர் கொடுத்தாள்.

"இந்த வெயில்ல ஏன்டி அலையறே? குழந்தை கறுத்துடப் போறது."

"உள்ளே வந்தா கறுக்காதும்மா" என்றாள் மன்னி.

அண்ணா கூடத்தில்தான் இருந்தான். வாசலுக்கு வரவில்லை.

நான் அப்போது கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். மன்னி வாசலில் நிற்கையிலேயே, அந்த வால்நட்சத்திரத்தைப் பற்றி அப்பாவிடம் நிதானமாக எடுத்துச் சொன்னேன். கிரகங்களுக்கெல்லாம் அப்பால், தீராத குளிரில் கிடக்கும் பனியும் தூசும் சேர்ந்த கட்டி அது. ஏதோ ஒரு நட்சத்திரம் கடந்து போகையில் லேசாக இழுபட்டு, சூரியனை நோக்கி விழத் தொடங்குகிறது. நம் குலத்தில் முதல் ஆள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அது கிளம்பிவிட்டது. இந்தக் குழந்தைக்காக வரவில்லை.

அப்பா ஆர்வத்தோடு கேட்டார். "திரும்பி வருமோ?"

"வியாழன் பக்கமாப் போனா பாதை மாறிடும்ப்பா. சிலதைச் சின்னப் பாதைக்கு இழுத்துடும், அடிக்கடி வரும். சிலதை வெளியே எறிஞ்சுடும், வரவே வராது."

"வியாழன்னா குருதானே?"

"ஆமாம்."

"பாத்தியா. நீ படிச்ச புஸ்தகமே சொல்றது, குருதான் தீர்மானிக்கறார்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, மிகக் கனிவாகச் சொன்னார்: "குரு பெயரட்டும்மா, அப்புறம் வா. இன்னும் ஒரு பஸ் இருக்கு."

மன்னி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

குரு பெயர்ந்தார். அண்ணாவின் ராசிக்கு எட்டில் வந்திருக்கிறார் என்றார் அப்பா. மறுபடி பெயர்ந்தபோது, இத்தனை நாள் பிறந்தகத்தில் இருந்தவள் இனி இங்கே பழகுவாளா என்று அம்மா கேட்டாள். அதன்பின் யாரும் பஞ்சாங்கத்தைப் பிரிக்கவில்லை. மன்னி கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆணித் தொழிற்சாலையில் பெட்டி கட்டும் வேலைக்குப் போய் மகளை வளர்த்தாள். அண்ணா நெடுங்காலம் நோய்நொடி இல்லாமல் இருந்தான். மகளை ஒருமுறையும் தூக்கியதில்லை.

அப்பா, அம்மா, அண்ணா மூவரும் இப்போது இல்லை. கவரைப்பேட்டையில் மன்னியும் மகளும் இருக்கிறார்கள். இந்த வீட்டில் நான் இருக்கிறேன்.