ஆவுளியா மீனா, கறியா?

இந்தப் பத்திரிகை நான் வேலை பார்க்கும் கடற்கரைக்கு வருவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஸ்கூலுக்குக் கிளம்பும்போது வாசலில் சூசை நின்றார். பாம்பன் பக்கத்து எங்கள் குப்பத்தில் பெரிய வள்ளம் அவருடையதுதான்.

"சார், கரைக்கு ஒரு எட்டு வாங்க. சின்ன சந்தேகம்."

கரையோரத் தண்ணீரில், வலைக்குள் ஓர் ஆவுளியா கிடந்தது. கடல்பசு என்கிறோமே, அது. அப்பால் அதன் குட்டி சுற்றிச் சுற்றி வந்தது. அரிவாள் தயார். ஆனால், தவக்காலம் ஆயிற்றே... ஈஸ்டர் வரை அந்த ஊரில் கறி ஆகாது. மீனுக்குத் தடையில்லை.

"இது மீனா, கறியா சார்? சர்ச்சுப் பூசைக்குப் பங்குச்சாமி வர இன்னும் பத்து நாளாகும். நீங்கதான சயின்ஸ் வாத்தியாரு."

இத்தனை வருட சர்வீஸில் இவ்வளவு பேர் கவனமாக என் பாடத்தைக் கேட்டதில்லை. நான் திருப்புல்லாணிக்காரன், சைவச் சாப்பாடு. பங்கு கேட்க மாட்டேன் என்ற நம்பிக்கை வேறு.

"குட்டி போடுது, பால் குடுக்குது. எப்படி மீனாகும்? கறிதான்" என்றேன். அத்தனையும் உண்மை.

"அப்ப ஈஸ்டர் வரைக்கும் கட்டிப் போடுவமா?" என்றார் சூசையின் மச்சான்.

"ஏலே, கடலுக்குள்ள முங்கி நீ புல்லு பிடுங்கிப் போடுவியா?" என்று அதட்டினார் சூசை.

விற்கலாம் என்றார் ஒருவர். தவக்காலத்தில் கறி அறுத்த கரை என்று பெயராகிவிடும் என்றார் சூசை. வலையைத் தூக்கிவிட்டார்கள்.

தாயும் குட்டியும் சேர்ந்து போனதைப் பார்த்து எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

"முந்தியெல்லாம் கூட்டமா மேயும் சார். இப்ப ஒண்ணைப் பாக்குறதே பெருசு" என்றார் சூசை. பிறகு ஏன் அரிவாளைத் தீட்டினீர்கள் என்று நான் கேட்கவில்லை. பாடத்தை எங்கே நிறுத்துவது என்று வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்த வெள்ளிக்கிழமை, மறுபடி சூசை. இந்த முறை பெரிய ஆமை. மல்லாக்கப் போட்டுக் காலைக் கட்டியிருந்தார்கள். கண்ணோரம் நீர் வடிந்தது. அது அழுகை இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? மனசு கேட்கவில்லை.

"இது முட்டைதான சார் போடுது? அப்ப மீன் கணக்குதான?"

எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

"முட்டை போடும்" என்றேன். "ஆனா, குஞ்சு பொரிச்ச பிறகு பால் குடுக்கும்."

சூசை என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு குனிந்து கட்டை அவிழ்த்தார்.

எட்டாம் வகுப்புப் பரீட்சைத் தாள் திருத்தும் நண்பர்களே... எங்கள் ஊர்ப் பிள்ளைகள் யாராவது 'ஆமை பால் கொடுக்கும்' என்று எழுதியிருந்தால், தயவுசெய்து மார்க்கைக் குறைக்க வேண்டாம்!