ரேடியேட்டர் மூடியில் அவர் கை

அமீரகத்தில் ராஸ் அல் கைமாவில் நான் நர்ஸ். கணவருக்கு சிமென்ட் ஆலையில் டெக்னீஷியன் வேலை. அந்தப் பழைய காரை வாங்கிய முதல் கோடையில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சர்ச்சில் பூசை முடிந்து நான்கு வயது மகளோடு மலைப்பக்கம் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

முதலில் ஏசியில் வெந்த காற்று வந்தது. பிறகு சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பெட்ரோல் பம்ப் பக்கந்தான் என்று அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். பானட்டிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பிய பிறகுதான் ஓரங்கட்டினார்.

ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. கல் ஏற்றிய லாரிகள் கடந்தபோதெல்லாம் கார் குலுங்கியது. மகள் "அம்மா, ஹாட், ஹாட்" என்று முனகினாள். முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. வெயில் தாக்கி வேர்வை நின்றுவிட்டதோ என்று பயந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம் இருந்தது. வெளியே தூக்கி வந்து, கதவோரம் விழுந்திருந்த துளி நிழலில் நிறுத்தினேன்.

அதற்குள் அவர் பானட்டைத் திறந்து, கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்துவிட்டார். தண்ணீர் ஊற்றினால் உடனே கிளம்பிவிடலாமாம்.

சில வாரங்களுக்கு முன்பு எங்கள் எமர்ஜென்சிக்கு ஒரு டிரைவரைக் கொண்டுவந்தார்கள். அவரும் இப்படித்தான் திறந்திருக்கிறார். கொதிதண்ணீர் பீறிட்டடித்து முகத்தில் தோல் உரிந்து தொங்கியது. கண் போய்விட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஓடிப்போய்க் கணவரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன்.

"தொறக்காதிய."

"பிள்ள வாடுகது ஒனக்குத் தெரியலியா? கைய விடு."

"ஒங்க கண்ணு போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் என்ன செய்வோம்?"

அவர் இழுத்துப் பார்த்தார். நான் விடவில்லை. மகள் அழத் தொடங்கினாள். எந்தப் பயத்துக்கு முதலில் ஓடுவது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் அவர்தான் கையை எடுத்தார்.

எங்களைப் பார்த்துவிட்டு ஒரு பாகிஸ்தான் பட்டாணிய டிரைவர் லாரியை நிறுத்தினார். எங்களை ஏசி ஓடிய கேபினில் ஏறி உட்காரச் சொன்னார். தன் கேனிலிருந்து ஐஸ் தண்ணீர் கொடுத்தார். நான் மகளின் தலையையும் கழுத்தையும் துணியால் நனைத்துக்கொண்டே இருந்தேன். அவள் குடித்தாள், வாந்தி எடுக்கவில்லை. அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வெகுநேரம் கழித்து லாரி டிரைவர் ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு லேசாகத் திருகினார். அப்போதும் சீறியது, துருநிறத் தண்ணீர் தூக்கி வைத்த பானட்டின் உள்பக்கத்தில் போய் அடித்தது. பக்கத்தில் நின்ற என் கணவர் பின்னால் நகர்ந்தார். உள்ளே தண்ணீர் போகும் ஹோஸ் கிழிந்திருந்தது. ரெக்கவரி வண்டி வந்து காரை கராஜுக்கு இழுத்துப்போனது.

சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் டாக்சி பிடித்து வீடு திரும்பினோம். சாயங்காலம் மகள் பழையபடி விளையாடிக்கொண்டிருக்கும்போது அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"நீ பிடிக்கலைன்னா நான் தொறந்திருப்பேன்" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.