லைன்மேன் நாச்சிமுத்துவும் பதினான்காம் புள்ளியும்

"என் அருவாளுக்குச் சொந்தக்காரங்க கிடையாதுங்க. கம்பிகிட்ட வந்தா மாமனார் மரமும் ஒண்ணுதான், மந்திரி மரமும் ஒண்ணுதான்."

மலைமேல் சோளக்காடு ஊர் டீக்கடையில், பஸ்ஸுக்குக் காத்திருந்த பதினொரு பேரையும் இரண்டு வாழைத்தார்களையும் சாட்சியாக வைத்து லைன்மேன் நாச்சிமுத்து இப்படி அறிவித்தார். வாழைத்தார்கள் மறுப்பேதும் சொல்லவில்லை.

உண்மையில் அவருடைய இருபத்திரண்டு வருட சர்வீஸில் அந்த அரிவாள் பெரும்பாலும் ஓய்வில்தான் இருந்தது. இங்கே கம்பியோரம் நிற்பதெல்லாம் சில்வர் ஓக்; அதில் ஏறி நிற்பது மிளகுக்கொடி. மிளகு பறிக்கும்வரை மரத்தைத் தொடக்கூடாது என்பது ஊர்ச்சட்டம். பறித்து முடித்தால் வெயில் வரும், கொடிக்கு நிழல் வேண்டும். அப்புறம் மழை, அதற்குள் மறுபடி பூ. இப்படியே மரமும் கம்பியும் வருடக்கணக்கில் நெருங்கிப் பழகின. காற்றடித்தால் கைகுலுக்கின, ஊர் இருண்டது.

இந்த நட்பைக் கெடுக்க ஆபீஸ் ஒரு ட்ரோனை அனுப்பியது. அதைப் பறக்கவிட்டவர் சத்யா என்ற இளம் பொறியாளர். கம்பிக்கும் இலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அது மேலிருந்தே அளந்து, நெருக்கமான இடங்களில் சிவப்புப் புள்ளி வைத்தது. நாற்பத்தொரு புள்ளிகள் நாச்சிமுத்துவின் போனுக்கு வந்து சேர்ந்தன. ஐப்பசி மழை வலுப்பதற்குள் வெட்டியாக வேண்டும்.

அவர் பூரித்துப்போனார். இதுவரை வெட்டினால் வசவு அவருக்கு. இனி அது வானத்துக்கு. முதல் புள்ளி கண்ணாயியின் மரம். கொடி முழுக்கப் பச்சைக் காய். இரண்டு மாதம் பொறுக்கச் சொல்லி அந்த அம்மா கெஞ்சிப் பார்த்தார். நாச்சிமுத்து போனைத் தூக்கிக் காட்டி, தன் கையில் ஒன்றுமில்லை என்று வருந்தினார். வருந்தியபடியே நடுமரத்தில் வெட்டினார். கொடியும் காயும் மரத்தோடு சரிந்தன. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். நாச்சிமுத்துவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

பதின்மூன்று மரங்கள் இப்படியே சாய்ந்தன. பதினான்காம் புள்ளியைத் தேடிப் போனபோது போன் அவரை அவருடைய வீட்டுக் கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தியது. அவர் மனைவி பழனாயி நட்டு ஆறு வருடமான கொடி. இந்த வருடம்தான் முதல் முழுக்காய்ப்பு.

சத்யாவுக்கு போன் போட்டார். இது மரத்தின் நிழலாக இருக்குமோ என்று விஞ்ஞானபூர்வமாக ஐயம் எழுப்பினார்.

"நெழலுக்கு உயரம் இருக்காதுங்கண்ணா," என்றார் சத்யா. "எவ்வளவு வெட்டணும்னு பக்கத்துக் கட்டத்துலயே போட்டிருக்கே, பாக்கலீங்களா?"

அந்தக் கட்டத்தை அவர் அன்றுதான் முதன்முதலாகத் திறந்தார். நுனியில் ஒன்றரை மீட்டர் என்றிருந்தது. கொடி அந்த உயரத்தை எட்டவே இல்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்தச் சொல்லிவிட்டு மரமேறினார். வேடிக்கை பார்க்க ஊர் கூடியது. அரிவாள் இடுப்பிலேயே இருந்தது, கையில் ரம்பம். ஒவ்வொரு கொப்பிலும் முதலில் கயிறு கட்டினார், பிறகு அறுத்தார், பிறகு கொடியில் உரசாமல் மெல்ல இறக்கினார். கீழே பழனாயி வாங்கி வைத்தார். பதினோரு மணிக்கு மாவு மில்லிலிருந்து ஆள் வந்து கரண்ட் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனான். நாச்சிமுத்து நான்காவது கொப்புக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாயி வெகுநேரம் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

"இந்தக் கயிறு அன்னைக்கும் உன்ற பையிலதான இருந்துச்சு சாமி?" என்றார்.

நாச்சிமுத்து அடுத்த கொப்பில் கயிற்றை இறுக்கினார். ஒரு மணிக்கு இறங்கினார். கொடியைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தார். ஒரு காய்கூட உதிரவில்லை.