சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க

“என் காதுல விழுந்த சேதி சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கப் போய்ச் சேரலைன்னா, இந்தக் கத்தரியைத் தூக்கிப் போட்டுடறேன். உங்க போனெல்லாம் எனக்குப் பின்னாடிதான்!”

முடிதிருத்தும் கடைக்காரர் இந்தச் சபதத்தைச் செய்தபோது, சுழல் நாற்காலியில் ஒரு தபால்காரர் நுரைக்குள் மாட்டிக்கொண்டிருந்தார். அவரால் மறுக்க முடியவில்லை. கழுத்தில் கத்தி இருந்தது. முப்பது வருடமாகக் கடைக்காரரின் கருத்துகளுக்குப் பெரும்பான்மை கிடைத்துவந்தது இப்படித்தான். தெரு அவருக்கு ‘வானொலி’ என்று பெயர் வைத்திருந்தது. பேசும், கேட்காது.

வீட்டு நிலவரம் வேறு. எண்பது வயது அம்மா, விடிந்ததும் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பாமல் பல் துலக்குவதில்லை. மனைவி, மைத்துனர், வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் எல்லாரும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே குடியிருந்தார்கள். வானொலி மட்டும் சேரவில்லை. போட்டி நிறுவனத்தில் எப்படிச் சேர்வது?

ஒரு செவ்வாய்க்கிழமை தபால்காரர் நுரைக்குள்ளிருந்து சொன்னார்: “தாத்தா ஆகப் போறீங்களாமே அண்ணே! உங்க மச்சான் ஸ்டேட்டஸ் போட்டிருக்காரே.”

கத்தி நின்றது.

“அது எனக்குப் போன வாரமே தெரியும்” என்றார் வானொலி. தபால்காரரின் இடது மீசை அன்று பாதியானது.

வீட்டுக்குப் போனதும் குதித்தார். “பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?”

“அவ ரெண்டு தடவை கூப்பிட்டா” என்றாள் மனைவி. “முதல் தடவை மளிகைக்காரர் மாடி கட்டுற கதையைச் சொன்னீங்க. அடுத்த தடவை மருந்துக்கடைக்காரர் மகன் மொட்டை போட்ட கதை. அப்புறம் ‘ஆள் வந்தாச்சும்மா’ன்னு வச்சிட்டீங்க. நான் வாயைத் திறந்தா மட்டும் விட்டீங்களாக்கும்?”

“நான் ஏழு இதயம் போட்டேன்டா” என்றாள் அம்மா, கட்டிலிலிருந்து.

மனைவியின் போனை வாங்கிப் பார்த்தார். மகளின் செய்திக்குக் கீழே நாற்பத்தொரு வாழ்த்து. அவருடையது இல்லை. ஒவ்வொன்றுக்கும் மகள் சிரித்த முகம் போட்டிருந்தாள்.

அவளைக் கூப்பிட்டார். “நீ சொல்லும்மா” என்றுவிட்டு, வரலாற்றில் முதன்முறையாகச் சும்மா இருந்தார்.

லைன் கட்டாகிவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம். “அப்பா, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“குரூப்ல சிரிச்சுட்டேன். ஆனா பயமா இருக்குப்பா. சரியாத் தூங்கியே நாளாச்சு. யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க.”

அரைமணி நேரம் அவள் பேசினாள். அவர் ‘உம்’ கொட்டினார்; அவ்வளவுதான்.

மறுநாள் மீதி மீசையைச் சரிசெய்ய வந்த தபால்காரர், நாற்காலியில் உட்காரும்போதே ஆரம்பித்தார். “பொண்ணு எப்படி இருக்கா? என்ன சேதி அண்ணே?”

வானொலி வாயைத் திறந்தார். மூடினார். துணியை உதறி அவர் கழுத்தில் கட்டினார்.

“ஒண்ணுமில்ல. ஆடாம இருங்க.”

சாயங்காலம் வந்தது. கத்தரியைத் துடைத்து, வழக்கமான ஆணியிலேயே மாட்டிவிட்டுக் கடையைச் சாத்தினார்.