தொவைக்கல்லு திம்மப்பனுக்குப் பேர் வைத்த செல்லி

நாகரசம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் செல்லிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தலைவர்களுக்குப் பட்டம் கொடுப்பதில் அவளை அடிக்க டில்லியிலும் ஆள் கிடையாது.

எண்பத்தாறில் யூனியன் சேர்மனான திம்மப்பன், தண்ணீர்த் தொட்டி கட்டப் போகிறேன் என்று அடிபம்பு பக்கத்தில் ஒரு கல்லை நட்டார். நல்ல மெருகேற்றிய கருங்கல். தொட்டி வரவில்லை. கல் மட்டும் சாய்ந்து படுத்துக்கொண்டது. பெண்கள் அதன் மேல் துணி துவைக்க ஆரம்பித்தார்கள். அதில் அடித்த வேட்டியைக் காயப்போட்டால் கிருஷ்ணகிரி மலை மேல் நிற்பவனுக்கும் கண் கூசும்!

தொண்ணூற்றாறில் மறுபடி எலெக்சன். "கொடைச் சிங்கம் திம்மப்பன் வருகிறார்!" என்று ஜீப் மைக் அலறியது. துவைத்துக்கொண்டிருந்த செல்லி நிமிர்ந்தாள்.

"எந்தச் சிங்கம்டி? நம்ம தொவைக்கல்லு திம்மப்பனா?"

அவ்வளவுதான். அந்தப் பேர் போச்சம்பள்ளி கம்பெனி பஸ்சில் ஏறி, மதியம் ஓசூர் போய், சாயங்காலத்துக்குள் கன்னடத்தில் 'ஒகெயோ கல்லு', தெலுங்கில் 'உதிகே பண்ட' என்று ஆகிவிட்டது. மூன்று மொழியில் பட்டம் வாங்கிய தலைவர் வேறு யார் இருக்கிறார்?

சிங்கத்துக்குப் பொறுக்கவில்லை. செல்லி கூட்டிப் பெருக்கும் கம்பெனிக்கு ஆள் விடும் காண்ட்ராக்டர் முனிவேல் அவருடைய மச்சான்தான். நேராக வந்து நின்றான்.

"ஏய், இந்தா! ஞாயித்துக்கிழமை எலெக்சன் கூட்டத்துல மேடையேறி, கொடைச் சிங்கம்னு சொல்லி மச்சானுக்கு மாலை போடு. இல்லன்னா திங்கக்கிழமை வேலைக்கு வராத."

செல்லிக்குப் புருசன் இல்லை. இரண்டு பெண்களின் சோறும் பள்ளிக்கூடமும் அந்த வேலையில்தான் ஓடின.

ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறினாள். மாலையும் போட்டாள். மைக்கைப் பிடித்தாள்.

"சேர்மனண்ணா, பேர மாத்த நான் ரெடி. நீ தொட்டியக் கட்டு. தொட்டி திம்மப்பன்னு பெங்களூரு வரைக்கும் போயி நானே கத்தறேன். அதுவரைக்கும் நீ தொவைக்கல்லுதான்!"

முனிவேல் மைக்கைப் பிடுங்கினான். செல்லிக்கு எதற்கு மைக்? அவள் சும்மா பேசினாலே பர்கூர்ச் சந்தையில் மாடு திரும்பிப் பார்க்கும்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் வந்தது. படியில் முனிவேல் நின்றான்.

"நீ ஏறாத."

"நான் ஏறல. ஆனா பஸ்சும் போவாது" என்று செல்லி சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே இருந்த பதினொரு பெண்களும் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். டிரைவர் மாரிமுத்து இஞ்சினை அணைத்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லம்மா" என்று பீடி பற்றவைத்தார்.

அரை மணி நேரத்தில் கம்பெனி ஜீப் வந்தது. வந்த மானேஜர் முனிவேலைப் பார்த்துச் சீறினார்.

"யோவ், ஷிப்டு நிக்குது. ஏறச் சொல்லுய்யா!"

முனிவேல் பல்லைக் கடித்தான். "ஏய், இந்தா, ஏறு."

செல்லி அசையவில்லை. "எனக்குப் பேரு இருக்குது."

"செல்லி, ஏறு."

"உன்னவிட அஞ்சு வயசு மூத்தவ நான்."

பன்னிரண்டு பெண்களும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"செல்லியக்கா, ஏறுங்க."

எழுந்து புடவைத் தூசியைத் தட்டினாள். போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள்.