ஒத்தைக் குட்டிக்குத் துணை

போன ஞாயிற்றுக்கிழமை செல்போன் ஆப்பில் ஆட்டுக்கறி வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் கறி கறுத்துப்போய், விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நாற்றமில்லை. குக்கர் விசில் மேல் விசில் அடித்து ஓய்ந்தது, கறி மசியவில்லை. தனிக்கட்டை சமையலில் குறை சொல்ல ஆள் கிடையாது. அதனால் நானே சொல்லிக்கொண்டேன்: “குட்டியை இளைப்பாற விடாமல் அறுத்திருக்கிறார்கள்.”

இந்த ஞானம் சும்மா வந்ததல்ல. ஆடுகளோடு ஒண்டுக்குடித்தனம் இருந்தவன் நான். தெற்கேயிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில், அவிநாசிபாளையம் போகிற ரோட்டில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறை வாய்த்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கறிக்கடை சுப்பண்ணனின் ஆட்டுக் கொட்டகை. புழுக்கை வாசனை சட்டையில் ஏறியதில், கம்பெனியில் பக்கத்து மெஷின்காரர் என் பக்கக் காற்று வராதபடி ஃபேனைத் திருப்பிவைத்துக்கொண்டார்.

மூலனூர்ப் பக்கமிருந்து டெம்போவில் குலுங்கி வந்த செம்மறிக் குட்டிகள் கால் நடுங்க, மூச்சு வாங்க நிற்கும். சுப்பண்ணன் உடனே அறுக்க மாட்டார். நிழலில் விட்டு, தண்ணி காட்டி, மறுநாள்வரை தொந்தரவு பண்ணாமல் வைத்திருப்பார். “மிரண்ட குட்டிய அறுத்தா கறி ரப்பருங்க. சத்தெல்லாம் பயத்துலயே தீந்துபோயிருமுங்க” என்பார்.

என்னை வேலைக்குக் கூட்டிவந்த காண்டிராக்டர் எனக்கும் தண்ணி காட்டியிருந்தார், வேறு விதமாக. ‘வந்து ஒருநாள் ரெஸ்ட் எடு’ என்று ஊரில் சொன்னவர், பஸ்ஸைவிட்டு இறங்கியவனை நேராக ஓவர்லாக் மெஷினில் உட்காரவைத்துவிட்டார். நான் தைத்த முதல் பனியனில் தலை நுழைகிற இடத்தையும் சேர்த்து மூடியிருந்தேன்.

தீபாவளி வந்தது. போனஸ் வாங்கிய கையோடு எல்லாரும் பஸ் ஏறினார்கள். லைன் வீட்டில் என் கதவைத் தவிர எல்லாவற்றிலும் பூட்டு. அம்மா போனபிறகு எனக்கு ஊர் என்பது பஸ் போர்டில் இருக்கிற எழுத்து மட்டும்தான். வாசலில் நடந்தால் என் செருப்புச் சத்தமே யாரோ வருவதுபோலக் கேட்டது. வெட்கமில்லாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் மற்ற கறிக்கடைக்காரர்கள் வந்து அவரிடம் விலை பேசியிருந்த குட்டிகளை ஓட்டிப்போக, கொட்டகையில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. கூட்டம் போனதும் அது கத்தத் தொடங்கியது. சுவரில் முட்டியது. வைத்த தண்ணீரை மோந்துகூடப் பார்க்கவில்லை. சுப்பண்ணன் என் கதவைத் தட்டினார்.

“ஏனுங்க தம்பி, வேல ஏதும் இருக்குதுங்களா?”

“இல்லண்ணாச்சி.”

“ஒத்தக் குட்டி மிரளுதுங்க. நாளைக்கு எங்கூட்டுச் சமையலுக்குன்னு வெச்சது. கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காருங்க. இன்னொரு குட்டி இருக்குதுன்னு நெனச்சுக்கும்.”

“என்னப் பாத்தா ஆடு மாதிரியா இருக்கு?”

“வாசம் அப்பிடித்தானுங்க இருக்குது.”

போய் உட்கார்ந்தேன். குட்டி எட்ட நின்று முறைத்தது. பேச்சுக் கொடுத்தேன், சூப்பர்வைசரை ஆசைதீரத் திட்டினேன். தூரத்தில் வெடி போட்டபோதெல்லாம் இருவரும் சேர்ந்து துள்ளினோம். மெல்ல அது தண்ணீர் குடித்தது. அப்புறம் என் முழங்காலை ஒட்டிப் படுத்து அசைபோட்டது. எழுந்தால் கத்துமே என்று, கால் மரத்தும் நான் நகரவில்லை. குட்டிக்காக என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சுப்பண்ணன் வீட்டில் எனக்கும் இலை போட்டார்கள். “உங்களுக்குன்னு நெஞ்செலும்பு எடுத்து வெச்சனுங்க” என்றார் அவர் மனைவி. கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. கறி பூப்போல வெந்திருந்தது. முதல் வாய்க்குக் கண் கலங்கியது. காரம் என்று சமாளித்தேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினேன். அந்தத் தீபாவளிக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்ட ஒரே வீடு அது.

சுப்பண்ணன் காலமானபிறகு அவர் வீட்டார் வெள்ளகோவில் பக்கம் போய்விட்டார்கள். இப்போது கடைகளுக்கு விடியற்காலையில் வண்டி வருகிறது. இறக்கிய கையோடு அறுத்துவிடுகிறார்கள். போன தீபாவளிக்கு ஊர் காலியானதும் அந்தப் பக்கம் நடந்தேன். கொட்டகை இருந்த இடத்தில் துணி ரோல் அடுக்குகிற குடோன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, “யாரு வேணுமுங்க?” என்றார்.

“யாருமில்லீங்க” என்றேன்.